ஹெரால்டா, பத்மினியா, மாருதியா, மாரிஸா? வேலூர் வீட்டுக்கு ஏற்ற பழைய சின்னக் கார்

"பழைய சின்னக் கார் ஒன்று வாங்கி, பிள்ளைகளோடு சேர்ந்து சரிசெய்து ஓட்டணும். எதை எடுக்கலாம்?" எங்கள் ஹெரால்டு சத்துவாச்சாரி தெருவில் ஓட ஆரம்பித்ததிலிருந்து மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். போன மாதம் கேட்டவர் காட்பாடிக்காரர். ஆம்பூரில் ஒரு பத்மினியையும் சென்னையில் ஒரு ஹெரால்டையும் பார்த்து வைத்திருக்கிறார். மூன்று வாரமாகியும் எதற்கும் முன்பணம் கொடுக்கவில்லை. பெண் ஒன்பதாம் வகுப்பு, பையன் ஆறாம் வகுப்பு. "ரெண்டுமே நல்லாத்தான் சார் இருக்கு, முடிவு பண்ண முடியல" என்றார். அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் காலம். வண்டி என்றைக்கு ரோட்டுக்கு வரும்? ஒன்பதாம் வகுப்புப் பெண் இன்னும் நான்கு வருடத்தில் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள். அவள் போன பிறகு முடிகிற வண்டி அப்பாவின் வண்டியாக இருக்கும், குடும்பத்தின் வண்டியாக இருக்காது. விலை, அழகு எல்லாவற்றுக்கும் மேலே நான் இதைத்தான் வைப்பேன்.

இரண்டாவது, பிள்ளைகளின் கை உள்ளே எட்டுமா என்பது. எல்லா வேலையையும் மெக்கானிக் செய்து, நாம் தள்ளி நின்று பார்ப்பதாக இருந்தால் பிள்ளைகளுக்கு இரண்டே வாரத்தில் சலித்துவிடும். மூன்றாவது, பாகம் எங்கே கிடைக்கிறது: வேலூரிலேயே கிடைக்குமா, சென்னை புதுப்பேட்டைக்கும் ஜிபி ரோட்டுக்கும் அலைய வேண்டுமா, இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டுமா? நான்காவது ஆர்சி. ஐந்தாவது, வாங்கிய பிறகு எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பது. பணம் இந்த ஐந்துக்குள்ளும் ஊடே ஓடுகிறது, அதனால் அதைத் தனியாக எண்ணவில்லை.

| | ஹெரால்டு (மார்க் 3) | ஃபியட் 1100 / பத்மினி | மாருதி 800 (பழையது) | மாரிஸ் மைனர் |
|---|---|---|---|---|
| எங்கே செய்தது | சென்னை அருகே | பம்பாய் குர்லா | குர்கான் | இங்கிலாந்து வடிவம் |
| இன்ஜின் | 948 சிசி | 1089 சிசி | 796 சிசி, 3 சிலிண்டர் | 803 முதல் 1098 சிசி வரை |
| நீளம் | சுமார் 3.9 மீ | சுமார் 3.9 மீ | சுமார் 3.3 மீ | சுமார் 3.8 மீ |
| பிள்ளைகள் கை எட்டுவது | மிக எளிது | பரவாயில்லை | கொஞ்சம் நெருக்கம் | பரவாயில்லை |
| இன்ஜின் பாகம் | இங்கிலாந்து, கொஞ்சம் புதுப்பேட்டை | புதுப்பேட்டை, மும்பை | வேலூரிலேயே | இங்கிலாந்து |
| ஓடும் வண்டியாக வாங்கினால் முடிக்கும் காலம் (என் கணிப்பு) | ஒன்றரை வருடம் | ஒரு வருடம் | ஆறு மாதம் | சொல்ல முடியாது |

## ஸ்டாண்டர்டு ஹெரால்டு

இது நம்ம ஊர்ப் பக்கத்து வண்டி. 1961-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் சென்னையில் செய்ய ஆரம்பித்தது. உடம்பை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நான்கு கதவு வைத்த மார்க் 3 இந்தியாவில் மட்டும்தான் வந்தது, 1968-இல். அதற்கு அடுத்து வந்ததுதான் கெஸல் கார்.

குடும்பத்தோடு வேலை செய்ய இதைவிடத் தோதான வண்டியை நான் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் பானெட். மட்கார்டோடு சேர்த்து முழு மூக்கும் முன்பக்கமாகக் கவிழும். உள்ளே இன்ஜின், முன் சக்கரம், ஸ்டியரிங் ராடு எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். எங்கள் பெண்ணுக்கு அப்போது பதினொரு வயது. முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜைப் பிடிப்பாள். டேப்பட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு. எட்டு வால்வு. எட்டாவது முழுக்க அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யணும், ஏழாவது அமுங்கினால் இரண்டாவதை. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. எங்கள் நைனா அதை அவளுக்கு வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுத்தார். "எட்டு அமுங்குச்சா? அப்ப ஒண்ணு. மூணு அமுங்குச்சா? அப்ப ஆறு." அன்று சாயங்காலம் இன்ஜின் சத்தம் இறங்கியதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

இன்னொரு வசதி, தனி சேஸ். பாடி அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருப்பதால் துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி வேலை செய்யலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் காகிதப்பட்டறைச் சந்துகளில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியதே இல்லை.

சரி, கஷ்டங்களுக்கு வருவோம். முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் முட்டுக்கு ட்ரன்னியன் என்று பெயர். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயிலைத்தான் ஏற்றணும். நம் ஊரில் யாரிடம் விட்டாலும் நல்லெண்ணத்தோடு கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார்கள். உள்ளே வறண்டு துருப்பிடித்தால் ஒருநாள் அதில் திருகி நிற்கிற தண்டு ஒடிந்து சக்கரம் சாய்ந்துவிடும். பிள்ளைகள் ஏறுகிற வண்டி என்பதால், வாங்கியதும் முதல் வேலையாக இரண்டு பக்கத்தையும் கழற்றிப் பாருங்கள். பின் சக்கரம் ஊசலாடும் ஆக்ஸில் வகை. வளைவில் வேகமாகப் போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். நிதானமாக ஓட்டுகிறவருக்குப் பிரச்சினை இல்லை.

இன்ஜின், முன் சஸ்பென்ஷன் பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் மார்க் 3-இன் பின்கதவு, அதன் கண்ணாடி, அந்தக் கதவைச் சுற்றி வரும் பீடிங் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதனால் நான்கு கதவும் கண்ணாடியும் முழுசாக இல்லாத மார்க் 3 எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

ஷெட் உள்ள வீடு, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், சனி ஞாயிறு இரண்டு நாளும் கொடுக்கக்கூடிய பெரியவர் ஒருவர்: இந்த மூன்றும் இருந்தால் ஹெரால்டு எடுங்கள். ஒன்று குறைந்தாலும் யோசிக்கணும்.

## ஃபியட் 1100, பத்மினி

ஊரில் எல்லோருக்கும் இது "ஃபியட்டு"தான். 1964 முதல் 1100 டிலைட், 1974 முதல் பிரீமியர் பத்மினி. பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் இன்ஜின் அதேதான். இன்னும் பழையது வேண்டுமென்றால், முன்கதவு பின்பக்கமாகத் திறக்கும் 1950களின் மில்லிசென்டோ இருக்கிறது. அதன் அழகே தனி, விலையும் தனி.

பத்மினியின் பெரிய பலம் மும்பை டாக்ஸி. பல்லாயிரம் டாக்ஸிகள் பல வருடம் ஓடியதால் பாகம் செய்கிறவர்களும், கண்ணை மூடிக்கொண்டு அந்த இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக்குகளும் நாடு முழுக்க உருவானார்கள். வேலூரிலும் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய எந்த மேஸ்திரியையும் கேட்டுப் பாருங்கள், ஃபியட்டில்தான் தொழில் கற்றிருப்பார். ஆனால் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் மும்பை ரோட்டிலிருந்து விலகிவிட்டது. இனி பாகங்களின் தேவை குறையும், செய்கிறவர்களும் குறைவார்கள். வண்டி வாங்கும்போதே கிளச் தட்டு, வாட்டர் பம்ப், பிரேக் வீல் சிலிண்டர், கதவு ரப்பர் இவற்றை ஒரு செட் வாங்கிப் பரணில் வையுங்கள்.

கியர் பெரும்பாலும் ஸ்டியரிங் கம்பத்தில் இருக்கும். புஷ் தேய்ந்திருந்தால் லீவர் தொளதொளவென்று ஆடும், மூன்றாவது போட்டால் ஒன்றாவது விழும். பார்த்து பயப்பட வேண்டாம், அது சின்னச் செலவு. முன்னால் ஒரே நீள சீட்டு இருக்கிற வண்டி கிடைத்தால் விடாதீர்கள். குடியாத்தத்தில் என் மச்சான் வீட்டு ஃபியட்டில் தாத்தா, பேரன், ஓட்டுகிறவர் மூன்று பேரும் முன்னாலேயே உட்கார்ந்து மோர்தானா அணைக்குப் போவார்கள். வயதானவர்கள் ஏறி இறங்கவும் ஹெரால்டைவிட இது சுலபம், சீட்டு உயரமாக இருக்கும்.

வெயில்தான் இதற்கு எதிரி. மே மாதம் வேலூரில் 42, 43 டிகிரி போகும்போது இன்ஜினில் உள்ள பெட்ரோல் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் கிளம்பிவிடும். இந்தத் தொல்லை ஹெரால்டுக்கும் உண்டு, ஆனால் மச்சான் வண்டியில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பிரேக் நான்கிலும் டிரம். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் சூடாகிப் பிடிமானம் குறையும்.

காட்பாடிக்காரருக்கு நான் சொன்னது ஆம்பூர் பத்மினியை. முதல் தடவை செய்கிறார், பெண்ணுக்கு நான்கே வருடம் இருக்கிறது, வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அம்மாவும் உண்டு. அந்த வண்டி இப்போதும் ஸ்டார்ட் ஆகி நகர்கிறது. சென்னை ஹெரால்டு பிரித்துப் போட்டபடி பெட்டிகளில் இருக்கிறது.

## மாருதி 800

இதைப் பழைய வண்டி என்று ஒத்துக்கொள்ளப் பலருக்கு மனசு வராது. ஆனால் முதல் மாருதியின் சாவி கைமாறியது 1983 டிசம்பர் 14. நாற்பது வருடம் தாண்டிவிட்டது. 1986-இல் உருவம் மாறுவதற்கு முன் வந்த முதல் ரகம் இன்று தேடினால்தான் கிடைக்கும். அதன் விளக்கு, பம்பர், கிரில் கிடைப்பது கஷ்டம். பிந்தைய ரகம் எந்தத் தெருவிலும் உண்டு.

இதே 796 சிசி இன்ஜின் ஆம்னியில் 2019 வரை ஓடியது. அதனால் இன்ஜின் பாகத்துக்கு ஊரைத் தாண்ட வேண்டியதில்லை, விலையும் குறைவு. 12 அங்குலச் சக்கரம், 3.3 மீட்டர் நீளம் என்பதால் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தோடு கொஞ்சம் சேர்த்தால் போதும். வாடகை வீட்டுக்காரருக்கும் தோது. தகரம் மெல்லியது, தரைப்பலகையும் கதவின் அடிப்பகுதியும்தான் முதலில் போகும். கம்பளத்தைத் தூக்கி விரலால் அழுத்திப் பாருங்கள்.

வேலை பழகவும் கைச்செலவு கட்டுக்குள் இருக்கவும் மாருதி போதும். ஆனால் தெருவில் போகும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெரியவர்களுக்கு அது பொருட்டில்லை. பிள்ளைகளுக்குப் பொருட்டு, அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். அப்பாவோ அம்மாவோ முதன்முதலில் வாங்கிய மாருதி வீட்டிலேயே நிற்கிறதென்றால் கதை வேறு. அப்போது வேறெதையும் தேடாதீர்கள்.

## மாரிஸ் மைனர்

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வந்த வண்டி. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் "பேபி ஹிந்துஸ்தான்" என்று விற்றது இதைத்தான். குண்டு முகமும் உருண்டை முதுகுமாகப் பார்த்ததும் பிடித்துப்போகும். தாத்தா வீட்டுக் கொட்டகையில் நின்றால் செய்யுங்கள். விலை கொடுத்து வாங்கி முதல் குடும்ப வேலையாகச் செய்ய நான் சொல்ல மாட்டேன். பாகம் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்துதான் வரணும், ஒவ்வொரு பார்சலுக்கும் சுங்கம் உண்டு. ஆர்சியில் இறக்குமதி வண்டி என்று இருந்தால் புதுப்பிக்கும் கட்டணமே மிரட்டும், அதை அடுத்துச் சொல்கிறேன்.

## கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

எல்லோரும் இன்ஜினுக்குத்தான் பயப்படுகிறார்கள். எங்கள் கணக்கு நோட்டில் இன்ஜின் வேலை ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. பாதிக்கு மேல் டிங்கரிங், பெயிண்ட், குரோம். பணத்தைவிடக் காலமும் அங்கேதான் போனது. பெயிண்ட் வேலைக்கு விட்ட இடத்தில் இரண்டு மாதம் என்றார்கள், ஒன்பது மாதம் நின்றது. முழுப்பணத்தையும் முதலிலேயே கொடுத்திருந்தோம், எங்கள் வண்டி ஓரமாகத் தள்ளப்பட்டது. அந்த ஒன்பது மாதமும் பிள்ளைகள் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். கதவு, பானெட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுங்கள், மீதி வண்டி வீட்டில் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் நம் பக்கம் அதிர்ஷ்டம். கடல் காற்று இல்லாததால் வேலூர், திருப்பத்தூர் பக்கத்து வண்டிகளில் துரு குறைவு. சென்னை வண்டி பளபளப்பாக இருந்தாலும் அடியில் படுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சீட்டு வேலைக்கும் நமக்கு ஆள் உண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ மேல்பாகம் தைத்துப் பழகிய கைகள் எத்தனையோ. எங்கள் சின்னம்மா அப்படித் தைத்தவர்தான். சீட்டின் ஓரக் குழாய் மடிப்பை அவர் தைத்த நேர்த்தி கடையில் வராது. தோல் பக்கத்திலேயே கிடைக்கிறது என்றாலும் ரெக்சின்தான் போட்டோம். இந்த வண்டிக்கு அதுதான் பொருத்தம், துடைப்பதும் சுலபம்.

பெட்ரோல் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் சீல் அதற்குத் தாங்காது, ஊறி விரிசல் விடும். எந்த வண்டியானாலும் எரிபொருள் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். இது தீப்பிடிக்கும் விஷயம், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இவற்றில் பல சீட் பெல்ட் இல்லாத காலத்து வண்டிகள். பெல்ட்டுக்கு அடியில் தகடு வைத்து வெல்டிங் செய்து, உறுதியான இடத்தில் மாட்டணும்.

அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ் செலவு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு. பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 5,000. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அமிர்திக்கும் வள்ளிமலைக்கும் போக ஆசைப்படுகிற குடும்பத்துக்கு அது ஒத்துவராது. ஆர்சி உயிரோடு இருந்தால் எஃப்சி காட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதே மேல். 2025 ஆகஸ்ட்டில் அந்தக் கட்டணம் 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாயாக உயர்ந்தது, பசுமை வரி தனி. இறக்குமதிக் காருக்கு 80,000. வெளிநாட்டில் செய்து வந்த மாரிஸை யோசிக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஓடுகிற வண்டியா, பெட்டியில் இருக்கிற வண்டியா

எந்த ரகம் என்பதைவிட இது பெரிய முடிவு. பிரித்துப் போட்ட வண்டி பாதி விலைக்கு வரும். எந்த நட்டு எங்கே போகும் என்று பிரித்தவருக்கு மட்டும்தான் தெரியும், அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ. எவ்வளவு சுமாராக இருந்தாலும் தன் காலில் நகர்கிற வண்டியை வாங்குங்கள். முதல் மாதம் பிரேக்கை மட்டும் சரிசெய்து தெரு முனைவரை ஓட்டுங்கள், அடுத்த மாதம் வயரிங். ஒவ்வொரு மாதமும் எல்லோரும் ஏறி ஒரு சுற்று வரணும். எங்கள் வண்டி பெயிண்ட் இல்லாமல் சாம்பல் நிற பிரைமரோடு ஓடிய நாட்களைத்தான் பையன் இன்றும் பேசுகிறான். கோட்டை அகழியை ஒட்டி நிறுத்தி இளநீர் குடித்தோம், கூட்டம் கூடிவிட்டது.

## பார்க்கப் போகும் நாளில்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டுப் பெரியவரையும். அவர் பின் சீட்டில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். ஹெரால்டாக இருந்தால், ஒருவர் கிளச்சை மிதிக்கும்போது இன்னொருவர் இன்ஜின் முன்னால் பெல்ட் சுற்றுகிற கிராங்க் புல்லியைக் கவனிக்கணும். அது கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால் உள்ளே கிராங்க்கை நகராமல் பிடிக்கிற த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது விழுந்தால் கிராங்க்கும் பிளாக்கும் போய்விடும், விலையை அதற்கேற்ப இறக்குங்கள். ஃபியட்டில் கதவைத் தூக்கிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கீல் தூண் துருப்பிடித்திருந்தால் தெரியும்.

கடைசியாக சேஸ் நம்பர். ஆர்சியில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஓர் எழுத்து பிசகாமல் ஒத்துப்போகணும், ஆர்சி பெயரில் இருப்பவர் அல்லது அவருடைய வாரிசு கையெழுத்துப் போட எதிரே இருக்கணும். நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். எங்கள் பெண் எடுத்த அந்தத் தாள் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அடியில் தேதியையும் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறாள்.